அருவ ஓட்டக்காரன்

பேஸ்பால் ஆட்டத்தில் ஓடுகிறவன் தங்கி நிற்கத்தக்க இடங்கள் மூன்று. நான்காவதான ஹோம் பிளேட் புறப்படும் இடமும் திரும்பி வந்து சேரும் இடமுமாக இருப்பதால், அங்கே எப்பொழுதும் ஒருவன் மட்டையை ஏந்தி நிற்க வேண்டும். ஆகவே மூன்று பேஸ்களிலும் மூவர் நின்றுகொண்டிருக்க, நான்காமவன் ஒருவன் அடுத்த பந்தை எதிர்நோக்கி நிற்கும் நிலை எந்தக் கட்சிக்கும் எந்த நேரத்திலும் ஏற்படக்கூடுமாதலால், ஆட்கள் நால்வருக்குக் குறைந்த கட்சி, திறமையில் எவ்வளவு சிறந்திருந்தாலும், வெறும் எண்ணிக்கைக் குறைவினாலேயே நடு ஆட்டத்தில் முடங்கிப் போகும். ஒன்பதின்மர் கூடி முறைப்படி ஆடும் மைதானத்தில் இந்த இடர்ப்பாடு எழுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆறு சிறுவர் மும்மூவராகப் பிரிந்து ஒரு காலி மனையில் ஆடத் தொடங்கும்போது அது எழுந்தே தீரும். அமெரிக்க நாட்டுச் சிறுவர்கள் அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வரும் பரிகாரம், விளையாட்டு நூல்களைக் காட்டிலும் தத்துவ விசாரத்துக்கே அதிக உரிமை உடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

பரிகாரம் இதுதான். மூன்றாம் பேஸில் நிற்கும் சிறுவனுக்கு மறுபடியும் மட்டை பிடிக்கும் முறை வந்துவிட்டால், அவன் அங்கிருந்தபடியே 'மூன்றில் கோஸ்ட் ரன்னர்' என்று உரக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தை விட்டு நடந்து வந்து மட்டையை எடுத்துக்கொள்கிறான். சொன்ன கணத்திலிருந்து அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒருவன் நிற்கிறான். நாம் அவனை அருவ ஓட்டக்காரன் என்று அழைக்கலாம். அவன் தன்னிச்சையாக ஒன்றும் செய்ய மாட்டான். பந்தெறிகிறவன் அயர்ந்திருக்கும் சமயம் பார்த்து அடுத்த பேஸுக்கு நழுவ மாட்டான். மட்டைக்காரன் தன் அடியினால் எத்தனை பேஸ் முன்னேறுகிறானோ அத்தனை பேஸே அவனும் முன்னேறுவான். அப்படி முன்னேறி ஹோம் பிளேட்டை அடைந்துவிட்டானாயின், கால் நோக ஓடி வந்தவன் ஈட்டிய ஓட்டத்துக்கு எள்ளளவும் குறையாத ஓட்டம் ஒன்று அவன் கட்சிக்குச் சேரும்.

இந்தச் சிற்றாட்டத்தின் மற்ற நியமங்களையும் சொல்லிவிடுவது நலம். எதிர்க்கட்சியில் இருப்பவரும் மூவரே ஆதலால், ஒருவன் பந்தெறிய, ஒருவன் பேஸ்களுக்கு நடுவில் நிற்க, ஒருவன் தொலைவில் நிற்கிறான். மூவரால் முழு மைதானத்தையும் காக்க இயலாதென்பதனால் வலப்பக்கத்தை அடைத்துவிடுவார்கள். அதாவது, அந்தப் பக்கம் போகும் அடி எவ்வளவு அழகானதாக இருப்பினும் அடித்தவன் அவுட். முதல் பேஸில் காவல் நிற்பதற்கு ஆள் இல்லை. ஆகையால் அடித்தவன் அந்தப் பேஸை அடைவதற்குள் பந்து எறிபவன் கைக்குத் திரும்பிவிட்டால், அதுவே அவனை அவுட் ஆக்கப் போதுமானது. பின்னால் நின்று பந்தைப் பிடிக்க வேண்டியவனுக்குப் பதிலாக ஒரு சுவரோ, கார் நிறுத்தும் கொட்டகையின் கதவோ இருந்தால் சரி. அதுவும் இல்லையென்றால் அடிக்கும் கட்சியிலேயே சும்மா இருக்கும் ஒருவன் வந்து நின்று எதிரிக்குப் பந்து பிடித்துக் கொடுப்பான். நடுவர் கிடையாது. இரு பக்கமும் சமமாக வாதாடித் தீராத வழக்கு எதுவோ, அந்தப் பந்து எறியப்படவே இல்லை என்று கொண்டு மறுபடியும் எறிவார்கள். இந்த விதிகளை வகுத்த ரிஷி யார் என்று எவருக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரு பாடபேதமும் உண்டு.

நியூயார்க் நகரத்தில் இதே ஆட்டம் 'ஸ்டிக்பால்' என்னும் வேறொரு கோலம் பூண்டு, இருபதாம் நூற்றாண்டில் தெருக்களை ஆண்டது. மட்டைக்குத் துடைப்பக் கம்பு. பந்துக்கு, டென்னிஸ் பந்தின் மேலுறை இல்லாத உட்பகுதி போன்ற இளஞ்சிவப்பு ரப்பர் பந்து, ஸ்பால்டிங் என்னும் உற்பத்தியாளரின் பெயரைச் சிறுவர் வாய் சிதைத்ததால் 'ஸ்பால்டீன்' ஆனது. பேஸுக்கு, சாக்கடை மூடியும் நிறுத்தி வைத்த காரின் சக்கரக் காப்பும் தீயணைப்புக் குழாயும். ஒருவன் எத்தனை சாக்கடை மூடிகளைத் தாண்டி அடிப்பான் என்பதே தெருவில் அவனுடைய கௌரவத்துக்கு அளவு. 1951இல் ஜயன்ட்ஸ் கட்சியில் சேர்ந்து அந்த ஆண்டே புதுமுக வீரருக்கான விருதைப் பெற்ற வில்லி மேஸ், போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஆடி முடித்துத் தம் இருப்பிடமான ஹார்லெம் பகுதிக்குத் திரும்பியதும், அங்கே தெருவில் சிறுவர்களோடு துடைப்பக் கம்பைப் பிடித்து ஸ்டிக்பால் ஆடியவர். பகலில் ஆயிரக்கணக்கானோர் கண்முன் ஓடியவர், மாலையில் பையன்களின் தெரு விதிக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க இன்பமாகத்தான் இருக்கிறது.

அருவனின் இயல்பு நன்கு விளங்க, ஆட்டத்தின் ஒரு கணத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். மூன்றாம் பேஸில் அருவன். இரண்டிலும் ஒன்றிலும் உடலோடு கூடிய சிறுவர் இருவர். மட்டை பிடிப்பவன், சற்று முன்வரை மூன்றாம் பேஸில் நின்று, தன் இடத்தில் அருவனை நிறுத்திவிட்டு வந்தவனே. அவன் அடித்த பந்து தரையோடு தரையாக உருண்டு நடுவில் நிற்பவன் கைக்குப் போகிறது. நால்வரும் ஓடியே ஆக வேண்டிய நிலை. பந்தெறிகிறவன் விரைந்து வந்து, ஹோம் பிளேட்டாக வைத்திருக்கும் அட்டைத் துண்டின்மேல் குதிகாலை ஊன்றி, இரு கைகளையும் நீட்டிப் பந்தை வாங்கிக்கொள்கிறான். அருவன் வந்துவிட்டானா, இல்லையா? அவனைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அருவனின் வேகம் மட்டைக்காரனின் வேகத்துக்குச் சமம் என்பது பல தெருக்களில் வழங்கும் விதி. மட்டைக்காரன் முதல் பேஸான மடித்துப் போட்ட மேல்சட்டையை மிதிப்பதற்கு முன்னால் பந்து அட்டைத் துண்டுக்கு வந்திருந்தால் அருவன் அவுட். பின்னால் வந்திருந்தால் ஓட்டம் செல்லும். எல்லாருடைய கண்ணும், காரியம் நடக்கும் ஹோம் பிளேட்டை விட்டுவிட்டுத் தொண்ணூறு பாகை விலகியிருக்கும் ஒரு மேல்சட்டையின்மேல் பதிந்திருக்கிறது. அங்கே ஷூ விழுந்த கணத்துக்கும் இங்கே பந்து விழுந்த கணத்துக்கும் இடையே உள்ள இமைப்பொழுதை நன்றாகக் காணும் இடத்தில் இருப்பவன், அநேகமாக, இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாம் பேஸை நோக்கி ஓடிவரும் அடிக்கும் கட்சிச் சிறுவனே. அவன் வாய் திறந்து, தன் கட்சியின் அருவன் அவுட் என்று சொல்கிறான். வாதம் அதோடு முடிகிறது. இல்லாதவன் எப்படி அவுட் ஆவான் என்று அங்கே எவனும் கேட்பதில்லை.

இந்த அருவனுக்கு உள்ள உண்மை எத்தகையது என்பதே என் கேள்வி. முயற்கொம்பு போல வெறும் சொல் மாத்திரம் என்று தள்ளிவிட முடியாது. முயற்கொம்பினால் எவனும் குத்துண்டு செத்ததில்லை, ஆனால் அருவனால் ஆட்டங்கள் வெல்லப்படுகின்றன. கயிற்றில் தோன்றும் பாம்பு என்றும் சொல்ல முடியாது. கயிற்றரவு அறியாமையினால் பிறந்து, விளக்கு வந்ததும் ஒழிவது; அருவனோ நடுப்பகலில், அவன் அங்கே இல்லை என்பதை ஆறு பேரும் ஐயந்திரிபற அறிந்திருக்கும்போதே பிறந்து, அந்த அறிவு ஒரு கணமும் நீங்காதிருக்கும்போதே ஓடி, அந்த அறிவோடேயே ஓட்டமும் எடுக்கிறான். ஞானம் வந்தால் மாயை ஒழியும் என்று அத்வைதிகள் கூறும் விதி இவனிடத்தில் செல்லாது. விவகார சத்தியம் என்னும் பெட்டியில் இவனைப் போட்டு மூடலாமென்றால், அந்தப் பெட்டியில் இருக்கும் குடமும் துணியும் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு அகப்படுவன, இவன் அப்படியல்லன். உள்ளதும் இல்லதும் அல்லாத, சொல்லுக்கு அடங்காத ஒன்று என்றாலோ, ஒன்பது வயதுச் சிறுவன் இவனைப் பற்றித் தயக்கம் ஒன்றும் இல்லாமல் சொல்லிவிடுகிறானே!

மேல்நாட்டுத் தத்துவ ஆசிரியர்களுள் ஒருவராகிய ஜான் ரால்ஸ் 1955இல் விதிகளின் இருவகைக் கருத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில், பேஸ்பாலையே உதாரணமாகக் கொண்டார். அவர் அந்த ஆட்டத்தில் தீராத காதல் கொண்டவர் என்பது பலரும் அறிந்ததே. பேஸைத் திருடுவது, மூன்று ஸ்டிரைக்கில் வெளியேறுவது என்பன போன்ற செயல்கள், ஆட்டம் என்னும் வழக்காறு முன்னரே நிலைபெற்றிருந்தாலன்றிச் செய்யவே முடியாதவை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவன் கம்பை வீசலாம், ஓடலாம், தரையில் சறுக்கலாம். ஆனால் விதி இல்லாத இடத்தில் அவன் பேஸைத் திருடியவன் ஆக மாட்டான். விதி இங்கே முன்பே இருக்கும் ஒரு செயலுக்குக் கடிவாளம் போடுவதன்று, செயலையே பிறப்பிப்பது. இதை ஒப்புக்கொண்டால் அருவனின் பிறப்பும் ஒருவாறு விளங்குகிறது. விதி செயலைப் பிறப்பிக்கும் என்றால், செய்பவனை மட்டும் ஏன் பிறப்பிக்கக் கூடாது?

இதைக் கேட்டவுடன், நம் நாட்டுப் பூர்வ மீமாம்சகர்களின் ஞாபகம் வராமல் இருக்க முடியாது. வேள்வியில் இந்திரனுக்கு அவிஸ் கொடுக்கிறார்களே, அந்த இந்திரன் யார் என்ற கேள்விக்கு, ஜைமினி சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு உரை எழுதும்போது சபரசுவாமி கூறும் விடை, பக்தி மார்க்கத்தில் வளர்ந்தவர்களை இன்றும் திடுக்கிடச் செய்வது. தேவதைக்கு உடம்பு இல்லை. கொடுத்ததை அது உண்பதில்லை. உவந்து வரம் அளிப்பதும் இல்லை. இந்திரனின் தோளையும் வஜ்ராயுதத்தையும் வருணிக்கும் வாக்கியங்கள் வெறும் புகழுரைகள். விதி வாக்கியத்தில் யாருக்கு என்று நான்காம் வேற்றுமையில் நிற்கும் இடத்தை நிரப்புவது எதுவோ, அதுவே தேவதை. வேள்வி அதற்காக அன்று, அது வேள்விக்காக. பயனைத் தருவதும் தேவதை அன்று. முறை பிழையாமல் செய்த கர்மத்திலிருந்து எழும் அபூர்வம் என்னும் கண்காணா ஆற்றல்.

அருவ ஓட்டக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை யாரால் எழுத முடியும்? அவனும் ஓர் இடத்தை நிரப்புகிறவன். ஆட்டம் அவனுக்காக அன்று, அவன் ஆட்டத்துக்காக. அவனுக்குப் பசி இல்லை, வெற்றியில் மகிழ்ச்சி இல்லை. நாத்திகர் என்று பிற்காலத்தார் சிலரால் ஏசப்பட்ட மீமாம்சகர்களே வைதிக அனுஷ்டானத்தில் எல்லாரையும்விட நுட்பமான நியமங்களைக் கைக்கொண்டிருந்தார்கள் என்பது, மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு முரணாகத் தோன்றலாம். தேவதை வந்து உண்கிறது என்று எண்ணுபவன், அவிஸில் சிறிது குறைந்தாலும் அது கருணையினால் பொறுத்துக்கொள்ளும் என்று தேறுதல் அடையலாம். பொறுத்துக்கொள்ள ஆளே இல்லை என்று அறிந்தவனுக்கு அந்தத் தேறுதலும் இல்லை.

குழந்தைகளிடத்திலும் இதுவே உண்மை என்பதற்குச் சான்று உண்டு. ஸ்விட்சர்லாந்து தேசத்து ழான் பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து கோலி உருட்டி, அவர்களுடைய விதிகளைப் பற்றித் துருவித் துருவி விசாரித்து, குழந்தையின் நியாய உணர்ச்சியைப் பற்றிய தம் நூலை 1932இல் வெளியிட்டார். விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, சிறு வயதினர் அவை பெரியோரிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தவை, மாற்றக் கூடாதவை என்று பயபக்தியோடு கூறினார்கள். கூறிய கையோடு, ஆளுக்கு ஒரு விதமாக, விதியைக் காற்றில் பறக்கவிட்டு ஆடினார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதினரோ, விதிகள் தம்மைப் போன்ற பிள்ளைகள் கூடி வகுத்தவை, எல்லாரும் ஒப்பினால் மாற்றவும் செய்யலாம் என்றார்கள். ஆனால் மாற்றாதவரையில் அவற்றை அணுவளவும் பிசகாமல் காத்தார்கள். தெய்வ ஆணை என்று நம்பியவன் மீறினான். மனிதர் சம்மதம் என்று அறிந்தவன் கடைப்பிடித்தான். இந்தக் கண்டுபிடிப்பைச் சமயாசாரியர்கள் போதிய அளவு சிந்தித்திருக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம். உண்டென்று மனத்தால் ஒப்புவது எளிது. அதற்கு ஒரு செலவும் இல்லை. உண்டென்று கொண்டதன் விளைவுகள் நமக்குப் பாதகமாகத் திரும்பும் கணத்தில், வாய் திறந்து 'அவுட்' என்று சொல்வதற்குத்தான் செலவு உண்டு. சிரத்தை என்று நம் நூல்கள் கூறுவது இவற்றுள் இரண்டாவதையே என்று கொள்ள எனக்கு மனம் போகிறது.

ஆனால் மீமாம்சகரிடத்தில் இவ்வளவு தூரம் வந்த பிறகு, அங்கேயே குடியிருந்துவிட நம்மை வேதாந்திகளும் விடமாட்டார்கள், சைவ சித்தாந்திகளும் விடமாட்டார்கள். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயத்து மூன்றாம் பாதத்தில், தேவர்களுக்கு உடம்பு உண்டு, ஒரே சமயத்தில் பல உடம்பு எடுத்துப் பல வேள்விகளில் எழுந்தருளும் சக்தியும் உண்டு என்று நிலைநாட்டுகிறார் சங்கரர். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பாட்டாசாரியன் மதம், பிரபாகரன் மதம் என்னும் மீமாம்சைக் கிளைகள் இரண்டையும் தனித்தனியே எடுத்து மறுத்திருக்கிறார். வினை சடம் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. சடமானது தன்னைச் செய்தவன் இன்னான் என்று அறிந்து, அவனைத் தேடிப் போய்ப் பயனை ஊட்டாது. அறிவுடைய ஒருவன் நடுவில் நின்று கூட்டுவிக்க வேண்டும்.

இந்த ஆட்சேபம் காலி மனையிலேயே மெய்ப்படுவதைக் காணலாம். மூன்றாம் பேஸில் அருவன் நிற்கிறான் என்பதை எது தாங்கி நிற்கிறது? மைதானம் அன்று, பேஸ் அன்று, விதி என்னும் வாக்கியமும் அன்று. ஆறு சிறுவரின் ஞாபகமே தாங்கி நிற்கிறது. நாய் ஒன்று குறுக்கே ஓடிப் பந்தைக் கவ்விக்கொண்டு போய், அதைத் துரத்திப் பிடித்துத் திரும்புவதற்குள் அருவன் இரண்டாம் பேஸிலா மூன்றாம் பேஸிலா என்பது எல்லாருக்கும் மறந்துபோனால், அவன் இரண்டிலும் இல்லை. தெரு வழக்குகளில் பெரும்பகுதி இப்படி அருவன் இருந்த இடத்தைப் பற்றியதே. அவனைத் தரிக்கும் சேதனர் அறுவரும் மறந்தால் அவனுக்குப் பிரளயம். மீமாம்சகரின் வேள்வியும் இத்தகையதே. இருக்குகளையும் முறைகளையும் உள்ளத்தில் தாங்கியவர்கள் இல்லாமல் எந்த அபூர்வமும் எழுந்ததில்லை.

நம் வீட்டுப் பூஜையில் இதை இன்னும் தெளிவாகக் காண்கிறோம். ஒரு பிடி மஞ்சள் பொடியில் சில துளி நீர் விட்டுப் பிசைந்து, விரல் நுனிகளால் கூம்பாகத் திரட்டி, வெற்றிலையின்மேல் வைத்து, உச்சியில் குங்குமம் இட்டு, அறுகம்புல் ஒன்றைச் செருகி, ஆவாகனம் செய்தவுடன் அந்த மஞ்சள் உருண்டை பிள்ளையார். அதற்கு அர்க்கியம் உண்டு, தூப தீபம் உண்டு, வெல்லக்கட்டி நைவேத்தியம் உண்டு. பூஜை முடிந்ததும் யதாஸ்தானம் என்று சொல்லி, வெற்றிலையைச் சற்றே வடக்காக நகர்த்திவிட்டால் அவர் எழுந்தருளிப் போய்விட்டார். மறுநாள் அந்த மஞ்சளைச் சுமங்கலிகள் முகத்தில் பூசிக்கொள்வார்கள், தோஷம் இல்லை. இடத்தில் நிறுத்தி, மரியாதை செய்து, விடைகொடுத்து அனுப்பும் இந்த மூன்று படிகளும், வாயால் சொல்லி அருவனை நிறுத்தி, விதிப்படி ஓடவிட்டு, மூன்றாம் அவுட்டோடு அவனை விடுவிக்கும் சிறுவர் செயலோடு ஒத்திருப்பதைச் சொன்னால் வைதிகர் சிலர் முகம் சுளிக்கலாம். ஒப்புமை அவ்வளவோடு நின்றுவிடுகிறது என்பதை நானும் சொல்லத்தான் போகிறேன்.

ஒத்திராத இடம் அருள். அருவ ஓட்டக்காரன் மட்டைக்காரனுடைய அடிக்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். உயிருள்ள ஓட்டக்காரன் அப்படியல்லன். பந்து எறியும் கை சோர்ந்ததைக் கடைக்கண்ணால் கண்டு, இரண்டாம் பேஸிலிருந்து ஒரே மூச்சில் ஹோம் பிளேட் வரை ஓடி, அடித்தவன் தன் அடியினால் பெற உரிமையில்லாத ஓட்டத்தை அவனுக்குப் பெற்றுத் தந்துவிடுவான். சில சமயம் பேராசையினால் அவுட் ஆகி, உரிமையுள்ளதையும் கெடுத்துவிடுவான். அருவனிடத்தில் இரண்டும் இல்லை. அவன் கர்ம நியதியின் மூர்த்தி. செய்த அளவு, அதற்குக் குறைவும் இல்லை, மேலும் இல்லை. பிள்ளையாரை வேண்டுகிறவன் தன் அடியின் அளவை அறிந்தவன், அதற்கு மேல் ஒரு பேஸ் வேண்டும் என்றுதான் கைகுவிக்கிறான். மீமாம்சகரின் தேவதையிடம் இந்த விண்ணப்பத்தைப் போட இடமே இல்லை. ஆகவே, நியமத்துக்குத் தெய்வம் வேண்டியதில்லை என்று அவர்கள் கூறியதை ஏற்றுக்கொண்டாலும், அருளுக்குத் தெய்வம் வேண்டும் என்ற வழக்கு தள்ளுபடியாகிவிடவில்லை. அது வேறு நியாயஸ்தலத்தில் விசாரிக்கப்பட வேண்டிய வழக்கு.

அருவத்தை முற்றும் வளர்த்துக்கொண்டு போனால் ஆட்டம் எவ்வாறு முடியும் என்பதற்கும் உதாரணம் கிடைக்கிறது. 1953இல் கனெக்டிகட் மாநிலத்தில் டேவிட் மலேனி என்பவர் தம் மகனுக்காகச் செய்த, ஒரு பாதியில் மட்டும் துளைகள் இட்ட பிளாஸ்டிக் பந்து, விஃபிள் பால் என்ற பெயரில் பரவியபோது, அதோடு கூடவே இருவர் மட்டும் ஆடும் முறை ஒன்றும் பரவிற்று. ஒருவன் எறிய, ஒருவன் அடிக்கிறான். ஓட்டம் என்பதே இல்லை. பந்து இந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு பேஸ், அந்தக் கோட்டைத் தாண்டினால் இரண்டு என்று எல்லை வகுத்துவிடுகிறார்கள். மூன்று பேஸ்களிலும் நிற்பவர், ஓடுபவர், வந்து சேர்பவர் அனைவரும் அருவமே. ஆட்டம் நன்றாகத்தான் இருக்கும் போலும்; வளைந்து வளைந்து வரும் அந்தப் பந்தை அடிப்பது கடினம் என்கிறார்கள். ஆனால் அருவனின் கதியை எண்ணித் துடிக்கும் துடிப்பு அங்கே இல்லை. உடலோடு ஓடுபவன் ஒருவனாவது இருந்து, அவன் கால் மேல்சட்டையில் விழும் கணத்தால் அருவனின் கதியும் அளக்கப்படும்போதுதான் அருவன் உயிர் பெறுகிறான். எல்லாம் அருவமானால் எஞ்சுவது கணக்கு மட்டுமே. கியூபாவின் தெருமுனைகளில் மட்டையும் கையுறையும் இல்லாமல் கையாலேயே ரப்பர் பந்தை அடித்து ஆடும் 'நான்கு மூலை' ஆட்டத்திலிருந்து உலகப் பேஸ்பால் சாஃப்ட்பால் சம்மேளனம் வகுத்தெடுத்த பேஸ்பால்5, இதற்கு நேர் மாறு. கட்சிக்கு ஐவர், பேஸுக்குப் பேஸ் 13 மீட்டர், ஐந்து இன்னிங்ஸ். ஐவர் இருப்பதால் அங்கே அருவன் பிறக்க வேண்டிய அவசியமே நேர்வதில்லை. அதன் முதல் உலகக் கோப்பையை 2022இல் மெக்சிகோ நகரில் கியூபாவே வென்றது பொருத்தமே.

இவற்றையெல்லாம்விட விசித்திரமானது, சிறுவர் ஆட்டத்திலிருந்து பெயரை மட்டும் திருடிக்கொண்டு பெரியோர் செய்திருக்கும் காரியம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் வெற்றி தோல்வி காணாத ஆட்டங்கள் நள்ளிரவு தாண்டி நீள்வதைத் தவிர்க்க, அமெரிக்காவின் மேஜர் லீக் 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு தற்காலிக விதி செய்து, 2023இல் அதை நிலைபெறச் செய்தது. பத்தாவது இன்னிங்ஸ் முதற்கொண்டு, ஒவ்வொரு கட்சியும் அடிக்கத் தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஒருவன் நிற்கிறான். மட்டைக்காரர் வரிசையில், அந்த இன்னிங்ஸை முதலில் தொடங்குபவனுக்கு முந்தியவன் அவன். ரசிகர்கள் அவனையும் 'கோஸ்ட் ரன்னர்' என்றுதான் அழைக்கிறார்கள். சிறுவரின் அருவன் உடம்பு இல்லாதவன், ஆனால் அங்கே வந்து சேர உரிமை பெற்றவன். ஏனெனில் ஒருவன் அடித்து ஓடி அந்த இடத்தைச் சம்பாதித்துவிட்டுத்தான் அவனை நிறுத்திப் போனான். பெரியோரின் அருவனுக்கு உடம்பு இருக்கிறது, சட்டையில் எண் இருக்கிறது, கோடிக்கணக்கான சம்பளமும் இருக்கிறது. அங்கே நிற்பதற்கான கர்மம் மட்டும் இல்லை. உடம்பில்லாத நியாயத்தைத் தள்ளிவிட்டு நியாயமில்லாத உடம்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஆண்டின் முடிவில் நடக்கும் பட்டப் போட்டிகளில் இந்த விதியை அவர்களே கைவிட்டுவிடுகிறார்கள் என்பது, அவர்களுக்கும் உள்ளூர ஏதோ உறுத்துகிறது என்பதைக் காட்டும்.

ஆனால் கணக்கெழுதுபவர் விடுவாரா? காரணம் இல்லாமல் ஒருவன் இரண்டாம் பேஸில் நிற்பது கணக்குக்கு ஒவ்வாது. காரணம் ஒன்றைக் கற்பித்தே ஆக வேண்டும். ஆகையால், பந்தெறிகிறவன் எத்தனை ஓட்டத்துக்குப் பொறுப்பாளி என்று அளக்கும்போது, அந்த ஓட்டக்காரன் எதிர்க்கட்சி செய்த தடுப்புப் பிழை ஒன்றினால் அங்கே வந்து சேர்ந்தவன் என்று கொள்ளவேண்டும் என விதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிழையை எந்த ஆட்டக்காரன் பெயரிலும், எந்தக் கட்சியின் பெயரிலும் எழுதக் கூடாது என்றும் அதே விதி கூறுகிறது. செய்தவன் இல்லாத பிழை, ஆனாலும் பிழை. அநாதியே உயிரோடு கூடியது ஆணவம், அதற்குக் காரணகர்த்தா இல்லை என்று சித்தாந்திகள் சொல்லும்போது நகைத்தவர்கள், நியூயார்க்கில் உட்கார்ந்து விதி வகுத்த கனவான்கள் அதே முடிவுக்கு வந்து சேர்ந்திருப்பதை என்னவென்பார்களோ, தெரியவில்லை. அந்த அருவன் ஓடி வந்து எடுக்கும் ஓட்டம் பந்தெறிகிறவனுடைய சராசரியைப் பாதிக்காது. ஆனால் அந்த ஒரே ஓட்டத்தினால் ஆட்டம் தோற்றுப்போனால், தோல்வியை மட்டும் அவன் பெயரில் எழுதிவிடுவார்கள்.